வெறும் புல்

தை பிறந்து பத்து நாள் இருக்கும். அவலாஞ்சியைத் தாண்டி மேல்பவானிக்குப் போகும் பாதையில், ஒரு வளைவில் ஜீப்பை நிறுத்தச் சொல்லி இறங்கினேன். எதிர்ச்சரிவு முழுக்க மஞ்சள். இலை தெரியாமல் பூத்திருந்தது. பூ என்று தனித்தனியாகச் சொல்ல முடியாத பொடிப்பந்துகள். கிளைக்குக் கிளை மஞ்சள்தூளைக் கொட்டி உதறியதுபோல் இருந்தது. இரவு விழுந்த உறைபனி சாலையோரப் புல்லில் இன்னும் வெளுத்துக் கிடந்தது. வெயில் ஏற ஏற அந்தச் சரிவிலிருந்து தேனும் ஈரத்தூசியும் கலந்த ஒரு வாசனை இறங்கி வந்தது. "என்ன அழகு" என்று வாய்விட்டுச் சொன்னேன். உடன் வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் நான் கை காட்டிய பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அது சீகை சார்" என்றார். எனக்கு உறைக்கவில்லை என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும். கொஞ்சம் பொறுத்து, "மரம் இல்ல" என்று சேர்த்துக்கொண்டார்.

நாற்பது அடி உயரம், அடிமரம், பட்டை, நிழல் எல்லாம் இருந்தது. மரமில்லை என்றால் வேறென்ன என்று அப்போது நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர் சிரித்திருப்பார், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். கேட்காததால் அது என்னோடு கீழே இறங்கி வந்துவிட்டது. சீகை எனப்படும் வாட்டில் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது, மலையின் புல்வெளியைத் தின்றுகொண்டிருக்கிறது என்பதையெல்லாம் பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அது பெரிய காரியமில்லை; யாரும் ஒரு மாலையில் படித்துவிடலாம். என்னை உறுத்துவது வேறு. படித்த பிறகும் அந்தச் சரிவு நினைவில் அழகாகவே இருக்கிறது. கருத்து மாறிவிட்டது, கண் மாறவில்லை. மூக்கைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். தப்பான வீட்டில் சாப்பிட்டு, சாப்பாடு ருசியாக இருந்தது என்று சொல்லவும் முடியாமல் மறைக்கவும் முடியாமல் தவிக்கிறவனைப்போல் மூன்று வருஷமாக இருக்கிறேன்.

எனக்கு மலை முதலில் வாசனையாகத்தான் வந்தது. கோயம்புத்தூரில் அம்மாயி வீட்டு அலமாரியில் மேல்தட்டில் ஒரு தைலப் புட்டி இருக்கும். ஊட்டிக்குப் போய்வந்த யாரோ வாங்கி வந்தது. தீர்வதற்குள் இன்னொருவர் போய்வந்து இன்னொன்று வைப்பார். சளி பிடித்தால் வெந்நீர்ச் சட்டியில் நான்கு சொட்டு விட்டு, தலையோடு போர்வையைப் போட்டு அமுக்கிப் பிடித்துக்கொள்வாள். மூச்சு முட்டும் அந்த இருட்டில் கண் எரியும், மூக்கு திறக்கும். நீலகிரி என்றால் இந்த எரிச்சலும் இந்தக் குளிரும்தான் என்று எனக்குள் படிந்துவிட்டது. பெயரும் அதற்கு உடந்தை: நீலகிரித் தைலம். மலையைப் பிழிந்து புட்டியில் அடைத்ததுபோல் ஒரு பெயர். அந்தத் தைலத்தைத் தரும் கற்பூர மரம் நீலகிரியில் வேரூன்றியது 1843ஐ ஒட்டித்தான். அதற்கு முன் அந்த வாசனை இந்த மலைக்குத் தெரியாது. இரண்டு நூற்றாண்டுகூட ஆகாத ஒரு குடியேறி, மலையின் பெயரையே தன் பெயராக்கிக்கொண்டது. தமிழ்நாட்டு மூக்குகளில் முக்கால்வாசி அதற்குச் சாட்சி சொல்லும்.

மூக்கு என்றதும் நினைவுக்கு வருகிறது. காவலர் என்னைக் கூட்டிப்போனது முக்குருத்திப் பக்கம். உச்சி 2,554 மீட்டர். கிழக்கிலிருந்து பார்த்தால் ஏறிவந்து சட்டென்று வெட்டுப்பட்டதுபோல் நிற்கும். சூர்ப்பனகையின் அறுபட்ட மூக்கு அதுதான், மூக்கறுத்தி என்பதே முக்குருத்தி ஆயிற்று என்று ஒரு கதை இருக்கிறது. இந்த மாதிரிச் சொற்பிறப்புகளை நான் நம்புவதில்லை. ஆனால் மேற்கே போய் எட்டிப் பார்த்தால் கதை கட்டியவரைக் குறை சொல்லத் தோன்றாது. மலை அங்கே முடிந்துவிடுகிறது. கீழே கேரளத்துக் காடு, நடுவில் மஞ்சு. தோடர்களுக்கு இது கதையில்லை, வழி. இறந்த மனிதரும் இறந்த எருமையும் இந்த உச்சியிலிருந்து தாவித்தான் மறுவுலகம் போவார்கள் என்பது அவர்கள் நம்பிக்கை. இன்றைக்கு அந்த உச்சி தேசியப் பூங்காவுக்குள் இருக்கிறது. 78.46 சதுர கிலோமீட்டர். 1982இல் சரணாலயம், 1990இல் தேசியப் பூங்கா. உயிரோடு இருப்பவர்கள் உள்ளே போக அனுமதி வாங்க வேண்டும். தாவிப் போகிறவர்களுக்கு நல்லவேளையாக வேண்டியதில்லை.

உள்ளே போய் முதல் மேட்டில் நின்றபோது நான் கேட்ட கேள்வியை எழுத வெட்கமாக இருக்கிறது. "காடு எங்கே இருக்கு?" என்று கேட்டேன். எதிரே மடிப்பு மடிப்பாகப் புல். பொன்னும் துருவும் கலந்த நிறம். பனி உருகிய இடத்தில் கறுத்து, உருகாத இடத்தில் நரைத்து. இரண்டு மடிப்புகள் சேரும் பள்ளத்தில் மட்டும் கரும்பச்சையாக ஒரு திட்டு, கைக்குழியில் ஏந்திய தண்ணீர்போல. அதுதான் சோலை. அதைத் தவிர எங்கும் புல். பாதுகாக்கப்பட்ட காடு என்று பலகை வைத்து, கதவு வைத்து, சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு உள்ளே விட்டால் அங்கே காட்டைக் காணோம். ஏமாற்றப்பட்டது போலவே இருந்தது. கொஞ்ச நேரத்துக்கு முன் சீகைச் சரிவைப் பார்த்தபோது வந்த பூரிப்பு இங்கே வரவில்லை. புல்லில் கண் எதையும் பிடித்துக்கொள்ள முடியாமல் வழுக்கி வழுக்கி அந்தச் சோலைத் திட்டிலேயே போய் நின்றது.

சோலையின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் இருக்கிறது. காட்டிலிருந்து வெளியே மெல்ல மெல்லக் குறைந்துவரும் மரங்கள், புதர், பிறகு புல் என்ற படிக்கட்டு இங்கே இல்லை. ஒரு காலை உள்ளேயும் ஒரு காலை வெளியேயும் வைத்து நிற்கலாம். உள்ளே வைத்த காலுக்குக் கீழே மெத்தென்று மக்கிய இலை, வெளியே வைத்த காலுக்குக் கீழே நொறுங்கும் பனி. காரணம் அந்தப் பனிதான் என்கிறார்கள். கார்த்திகை பிறந்தால் முதலில் நீர்ப்பனி, பிறகு உறைபனி. சோலை மரத்தின் விதை புல்வெளியில் விழுந்து முளைத்தாலும், முதல் பனிக்காலத்தில் பள்ளத்தில் தேங்கும் குளிர் அந்தக் கன்றைக் கருக்கிவிடுகிறது. மரக்கூரைக்குள் அந்தக் குளிர் புகுவதில்லை. தாய்க்குக் கீழே இருக்கும் வரைதான் பிள்ளைக்கு உயிர். இந்தச் சட்டத்தை மீறி வெளியே நிற்கத் தெரிந்தது காட்டுப்பூவரசு. கடற்கரைப் பூவரசுக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை, இது ரோடோடென்ட்ரான். முறுகிப்போன தடித்த பட்டையோடு புல் நடுவே தன்னந்தனியாக நின்று பனியையும் தீயையும் தாங்கும். நான் போனபோது பூத்திருந்தது. செக்கச்சிவப்பு. மஞ்சளைப் பார்த்துக் கூவிய வாயால் இந்தச் சிவப்பைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை என்பதை இப்போது எழுதும்போதுதான் கவனிக்கிறேன். தனியாக ஒரு மரம் பூத்தால் போதவில்லை எனக்கு. சரிவு முழுக்கப் பூக்க வேண்டியிருக்கிறது. குறிஞ்சி பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும்போது மட்டும் மலைக்கு வண்டி கட்டுகிற கூட்டத்தில் நானும் ஒருவன்தான். 2018இல் பூத்தது. நடுவில் இருக்கும் பதினோரு வருஷமும் அந்தச் செடி அங்கேதான் நிற்கிறது.

புல்லைப் பார்க்கத் தெரியாததற்கு என் கண்ணை மட்டும் குற்றம் சொல்லலாமா என்று யோசித்தால் மொழியும் கூட்டுச் சதியில் இருப்பதுபோல் படுகிறது. புல் என்ற சொல்லுக்கே அற்பம் என்று பொருள். புன்மை, புல்லறிவு, புல்லர். ஒருவனைத் தாழ்த்த வேண்டுமானால் புல்லாக மதித்தான் என்றால் போதும். தொல்காப்பியம் மரபியலில் பிரித்துச் சொன்ன விதம் இதைவிடக் கண்ணியமானது: வெளியே வயிரம் பாய்ந்தது புல், உள்ளே வயிரம் பாய்ந்தது மரம். அந்தக் கணக்கில் பனையும் தென்னையும் மூங்கிலும் புல். பிறகு என்ன ஆயிற்றோ, வெளிக்காழ் போய் வெறும் இழிவு மிஞ்சிவிட்டது. மரப்பெயர் கேட்டால் யோசிக்காமல் நாற்பது சொல்வேன். புல்லின் பெயர் என்று கேட்டுக்கொண்டு விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்: அறுகு, தர்ப்பை, நாணல், கோரை. கோரை புல்லே இல்லை என்கிறது தாவரவியல். மூன்றோடு நின்றேன். சோறும் களியும் சர்க்கரையும் புல்லிலிருந்து வருகிறது; மூன்று வேளையும் புல் தின்கிறவனுக்கு மூன்று புல்லின் பெயர்தான் தெரிகிறது. சோலைக்கோ நேர்மாறான யோகம். நமக்குச் சோலை என்றால் பூஞ்சோலை, மாஞ்சோலை. கொஞ்சம் அலங்காரமான சொல். வெள்ளைக்காரன் அதை மலைக்குள் வாங்கி ஷோலா ஆக்கினான். அங்கிருந்து அறிவியலுக்குள் போய், 2017இல் அந்தக் காட்டின் இருட்டில் மட்டுமே வாழும் நீலப்பறவைகளுக்கு ஷோலிகோலா என்று பேரினப் பெயரே வைத்தார்கள். சோலைவாசி என்று பொருள். புல்வெளியை விட்டு நகராத நீலகிரி நெட்டைக்காலிக்கு அப்படி ஒரு பட்டம் கிடைக்கவில்லை. தவிட்டு நிறத்தில் புல்லோடு புல்லாக ஓடும். காவலர் மூன்று முறை காட்டிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது, அதுவும் அது பறந்து போனபோது.

மலைமேல் வந்த ஆங்கிலேயர் கண்ணும் என் கண்ணைப் போன்றதுதான். சல்லிவன் கோத்தகிரிக்கு ஏறியது 1819இல். அதற்குப் பிறகு வந்தவர்கள் புல்லைப் பார்த்தபோது பார்த்தது வெற்றிடம். வரி கட்டாத, வெட்டி விற்க ஒன்றுமில்லாத தரிசு. விறகுக்காகச் சோலையை வெட்டினார்கள், சோலை தீர்ந்தபோது விறகுக்காக அயல் மரத்தை நட்டார்கள். நடுவதற்குப் புல்வெளி காலியாக இருந்தது. இதோடு நிறுத்தி வெள்ளைக்காரன் தலையில் பழியைப் போட்டுவிடலாம், வசதியாகவும் இருக்கும். ஆனால் பெரும்பரப்பு போனது நாம் ஆளத் தொடங்கிய பிறகு. தோல் பதனிடச் சீகைப் பட்டை, ரேயான் நூலுக்குக் கற்பூர மரத்துக் கூழ், மின்சாரத்துக்கு அணை. மூன்றும் தேசத்துக்குத் தேவை என்று நட்டார்கள், கட்டினார்கள். பழனி மலையில் மட்டும் 1973இலிருந்து 2014க்குள் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு இல்லாமல் போனதைச் செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டுக் காட்டியிருக்கிறார்கள். அந்த நாற்பது வருஷத்தின் நடுவில்தான் நான் பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்துக்கு மரக்கன்று நட்டு, குச்சி ஊன்றிக் கயிறு கட்டினேன். மரம் நட்டால் மழை, மரம் நட்டால் புண்ணியம், மரத்தை வெட்டுகிறவன் பாவி. இந்தப் பாடத்தில் புல்லுக்கு ஒரு வரிகூட இல்லை.

தண்ணீர்க் கணக்கும் அந்தப் பாடத்தைக் கவிழ்க்கிறது. கிளென்மார்கனில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறிய நீர்ப்பிடிப்புப் பள்ளத்தாக்குகளை எடுத்துக்கொண்டு, ஒன்றைப் புல்வெளியாகவே விட்டு, இன்னொன்றில் பாதிக்கு மேல் கற்பூர மரம் நட்டு, இரண்டிலும் ஓடிவரும் தண்ணீரை ஆண்டாண்டாக அளந்தார்கள். உதகையிலுள்ள மண், நீர்வள ஆராய்ச்சி நிலையத்தின் வேலை அது. மரங்களின் முதல் பத்தாண்டுச் சுற்றிலேயே நட்ட பள்ளத்தாக்கின் நீர்வரத்து 16 சதவீதம் குறைந்திருந்தது. புல் வாங்கிய மழையை மெல்லக் கசியவிடுகிறது; மரம் குடித்துவிட்டு வானத்துக்கே திருப்பிவிடுகிறது. மேல்பவானியில் பிறக்கும் பவானி மேற்கே கேரளத்துக்குள் இறங்கி, அட்டப்பாடியைச் சுற்றித் திரும்பத் தமிழ்நாட்டுக்குள் வந்து, சமவெளியில் வயல் வயலாகப் பாய்ந்து கூடுதுறையில் காவிரியில் சேர்கிறது. அந்த ஆற்றங்கரை விவசாயி ஒருவரிடம் உங்கள் தண்ணீர் புல்லிலிருந்து வருகிறது என்று சொல்லிப் பார்த்தேன். காட்டிலிருந்து என்று திருத்தினார்.

வரையாடுகளைப் பார்த்தது அன்று மத்தியானம். பாறை விளிம்பை ஒட்டிய சரிவில் பதினைந்து இருபது இருக்கும், மார்கழி தையில் பிறந்த குட்டிகளோடு. நாங்கள் வந்தது தெரிந்தும் மேய்வதை நிறுத்தவில்லை. ஒன்று மட்டும் தலை தூக்கிப் பார்த்துக்கொண்டே நின்றது. ஆபத்து என்றால் அது ஒரு சீழ்க்கை கொடுக்கும், மந்தை முழுவதும் பாறை விளிம்புக்கு ஓடும். புலியோ செந்நாயோ துரத்திவர முடியாத செங்குத்து. வரை என்றால் மலை, மலைப்பக்கம். ஆட்டின் பெயரிலேயே அதன் அடைக்கலம் இருக்கிறது. சங்கப் பாட்டில் வருடை என்று வருவது இதுதான் என்பார்கள். அதன் வாழ்க்கைக்கு இரண்டே பொருள் போதும்: மேய்வதற்குத் திறந்த புல், ஓடுவதற்குப் பாறை. இரண்டுக்கும் நடுவில் மறைப்பு இருக்கக்கூடாது. அந்த நடுவில் சீகை வளர்ந்துவிட்டால் ஆட்டுக்குத் தூரப்பார்வை போய்விடுகிறது. ஆட்டைச் சுடவேண்டாம், கண்ணைக் கட்டினாலே போதும். இந்த ஆட்டைக் காப்பாற்ற முதலில் சட்டம் கேட்டது சுடுகிறவர்கள் என்பதும் வேடிக்கைதான். 1879இல் நீலகிரி வேட்டை விலங்கு, மீன் பாதுகாப்புச் சட்டம் வந்தது, அடுத்த பருவத்திலும் சுடுவதற்கு ஆடு வேண்டும் என்பதற்காக. முதுகு வெளுத்த கிழட்டுக் கிடாயைச் சுடுவதுதான் கௌரவம். பாதுகாப்பு என்ற சொல் இந்த மலையில் எங்கிருந்து தொடங்கியது என்று பார்த்தால் துப்பாக்கி முனையில் போய் நிற்கிறது. நோக்கம் மாறிவிட்டது. 2022 இறுதியில் மாநில அரசு 25.14 கோடி ரூபாயில் வரையாட்டுத் திட்டத்தை அறிவித்தது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 ஆடுகள், 2025இல் 1,303. ஆட்டை எண்ண முடிகிறது. எண் ஏறினால் சந்தோஷப்பட முடிகிறது. புல்லை யார் எப்படி எண்ணுவது, எண்ணினாலும் யார் சந்தோஷப்படுவது?

திரும்பும் வழியில் சீகை வெட்டி எடுத்த ஒரு சரிவைக் காவலர் காட்டினார். பார்க்கக் கோரமாக இருந்தது. கட்டைகள், கருகிய சுள்ளி, சிவந்த மண். பக்கத்தில் போய்ப் பார்த்தால் அந்த மண்ணில் விரல் நீளத்துக்கு, இறகு இலையோடு, பாய் விரித்ததுபோல் சீகைக் கன்றுகள். அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் தூங்கக்கூடியது. மேலே நிழல் விலகினாலோ, தீ பட்டாலோ எழுந்துவிடும். வெட்டுவது என்பது எழுப்புவது. அதனால் வெட்டிய இடத்துக்கு வருஷா வருஷம் வந்து கையால் பிடுங்க வேண்டும், பிடுங்குகிறவர் ஓய்வுபெற்றுப் போன பிறகும் பிடுங்க வேண்டும். அவர் நடந்துகொண்டே பேசினார். பேசிக்கொண்டே குனிந்து ஒன்றைப் பிடுங்கினார், பத்தடி போய் இன்னொன்று. சட்டைப்பையில் இருக்கும் சில்லறையைத் தடவுவதுபோல் அது பழக்கமாகிவிட்டிருந்தது. பிடுங்கியதை வேர் மேலே தெரியக் கவிழ்த்துப் போட்டார்.

இது மட்டுமே கதை என்றால் எனக்குத் தூக்கம் கெட்டிருக்காது. சீகை கெட்டது, புல் நல்லது என்று எழுதி முடித்திருப்பேன். கொடைக்கானல் வட்டக்கானலில் பாப் ஸ்டூவர்ட்டும் தான்யா பால்கரும் பல வருஷம் சோலைக் கன்றுகளை வளர்த்தபோது கண்டது வேறொன்று. பழைய சீகைத் தோப்புகளின் நிழலில், பனி படாத அந்த இதத்தில், சோலை மரங்களின் கன்றுகள் தாமாகவே முளைத்து வந்துகொண்டிருந்தன. சோலை வெளியே கால்வைக்க முடியாத இடத்தில் சீகை குடைபிடித்துக் கூட்டிவந்திருக்கிறது. அந்தத் தோப்பை வெட்டினால் அந்தக் கன்றுகளும் போகும். வெட்டாவிட்டால் ஒருநாள் சோலை வரலாம், ஆனால் அந்த இடம் சோலையாக இருந்ததே இல்லை, புல்லாக இருந்தது. ஆக எதைத் திரும்பக் கொண்டுவருகிறோம்? எந்த வருஷத்து மலையை? கற்பூர மரம் வருவதற்கு முந்தைய 1842ஆ, சல்லிவனுக்கு முந்தைய 1818ஆ? சாண்டிநல்லாப் பக்கத்துச் சதுப்பில் படிந்திருக்கும் கரிமண்ணைத் தோண்டியெடுத்து, அதிலுள்ள கார்பனின் வகையைக் கொண்டு எந்தக் காலத்தில் எந்தத் தாவரம் ஓங்கியது என்று ஆய்வாளர் சுகுமாரும் அவருடன் இருந்தவர்களும் படித்தார்கள், 1993இல் வெளிவந்தது. இருபதாயிரம் வருஷக் கணக்கு. பருவமழை மெலிந்து வறண்ட காலங்களில் புல் ஏறியிருக்கிறது, மழை வலுத்தபோது இறங்கியிருக்கிறது. புல்வெளி மனிதன் காட்டை எரித்து உண்டாக்கிய சொறி என்று நெடுநாள் சொல்லிவந்தவர்களுக்கு அந்தக் கரிமண் பதில் சொல்லிவிட்டது: மரத்தை அழித்து வந்ததில்லை, முதலிலிருந்தே இருந்தது. அதே கரிமண், முதலிலிருந்தே இருந்தது என்பதற்கு நிலையான ஒரே படம் கிடையாது என்றும் சொல்கிறது. என் உறுத்தலுக்கு அது மருந்தாகவில்லை, கொஞ்சம் ஆழப்படுத்தியது.

அந்நியத் தாவரம் என்ற சொல்லும் எனக்கு வாயில் ஒட்டுவதில்லை. உருளைக்கிழங்கு அந்நியம், கேரட் அந்நியம், தேயிலை அந்நியம். நீலகிரியில் பாதிக் குடும்பங்களின் அடுப்பு அவற்றால் எரிகிறது. நானே அங்கே அந்நியன். ஆனால் தேயிலை தானாக வேலி தாண்டி உச்சிக்கு ஏறுவதில்லை, சீகை ஏறுகிறது. கார்ஸ் என்ற முட்புதரும் ஸ்காட்ச் புரூமும் ஏறுகின்றன. அவையும் மஞ்சளாகப் பூக்கின்றன, அவையும் அழகு. எங்கிருந்து வந்தது என்பதைக் கேட்பதைவிட, வந்த இடத்தில் அடுத்தவருக்கு இடம் விடுகிறதா என்று கேட்பது நியாயமாகப் படுகிறது. இந்த அளவுகோலை மனிதர்களுக்கு நீட்டிப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

தோடர்களிடம் புல்லுக்குத் தனித்தனிப் பெயர்கள் உண்டு. அவர்களுடைய பால்கோயிலின் வளைந்த கூரையை எந்தப் புல்லாலும் வேய முடியாது. சதுப்பில் வளரும் ஒன்று வேண்டும், அவ்ஃபுள் என்பார்கள். நீலகிரியை ஒட்டிய இந்த உயரங்களைத் தவிர உலகில் எங்குமே இல்லாத அளவுக்கு அரிதான புல். சதுப்பு போனால் புல் போகும், புல் போனால் கோயிலுக்குக் கூரை கிடையாது. தகரம் போடலாம், ஆனால் அது சாமி இருக்கிற வீடு. வறண்ட மாதங்களில் முதிர்ந்த புல்லுக்குத் தீவைத்து எருமைக்கு இளம்புல் வரவழைப்பதும் அவர்கள் வழக்கமாக இருந்தது. இன்று வனத்தில் தீ வைப்பது குற்றம். தீயும் இல்லை, எருமை மேய்ச்சலும் குறைந்துவிட்டது. முழங்காலுக்கு மேல் முற்றி விறைத்து நிற்கும் புல்லைப் பல இடங்களில் பார்த்தேன். அது பாதுகாக்கப்பட்ட புல்லா, கைவிடப்பட்ட புல்லா? சீகை மண்ணுக்கடியில் காத்திருக்கும்போது தீயை அவிழ்த்துவிடுவது பைத்தியக்காரத்தனம் என்பதும் சரிதான். புல்லுக்குத் தீ வேண்டியிருக்கலாம் என்பதும் சரியாக இருக்கலாம். இரண்டும் சேர்ந்து சரியாக இருக்கும்போது என்ன செய்வது என்று சட்டத்தில் எழுதியிருக்காது.

சாயங்காலம் காவலர் தன் வீட்டுக்குக் கூட்டிப்போனார். தகரக்கூரை, மண்சுவர், அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அவர் மனைவி கட்டன்சாயா கொடுத்தார். ஈரக்குளிரில் அந்த அடுப்பின் முன் கை நீட்டி உட்கார்ந்தபோது, எரிவது என்ன விறகு என்று கேட்டேன். "சீகைதான் சார், வேற என்ன இருக்கு? நல்லா நின்னு எரியும்" என்றார். கேஸ் இருக்கிறது, ஆனால் குளிர் காய முடியாது. சீகை வருவதற்கு முன் இந்த அடுப்புகளில் எரிந்தது சோலை. பகல் முழுக்கக் கன்று பிடுங்கிய கை, இரவில் அதன் தாயை அடுப்பில் தள்ளுகிறது. அவருக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. அழகு என்று அவர் ஒருமுறையும் அதைச் சொன்னதில்லை அல்லவா. புகை கொஞ்சம் இனிப்பாக இருந்தது.

மறுபடி ஒருமுறை புரட்டாசியில் போனேன். வெயில் வரும், உடனே மஞ்சு மூடும். இந்தத் தடவை முடிவோடு போயிருந்தேன்: சோலையைப் பார்ப்பதில்லை, தூரம் பார்ப்பதில்லை, காலடியைப் பார்ப்பது. முட்டிபோட்டு உட்கார்ந்து ஒரு முழ நிலத்தை அரை மணி நேரம் பார்த்தேன். ஐந்து வகைப் புல் இருந்தது என்று நினைக்கிறேன், ஒன்றின் பெயரும் தெரியவில்லை. புல்லுக்கு நடுவே நகக்கண் அளவுக்குச் சிவந்த இலைத்தட்டு, ஓரமெல்லாம் பசைத்துளி, அதில் ஒரு கொசு ஒட்டிக்கொண்டு ஒற்றைக்காலை ஆட்டியது. பூச்சியுண்ணும் ட்ராசீரா. விரலால் மண்ணை அழுத்தினால் நீர் ஊறி மேலே வந்தது. வாசனை இருந்தது, ஆனால் அதைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை. மழைக்கு முந்தைய மண்வாசனை இல்லை, பச்சை வாசனையும் இல்லை. இரும்பு டம்ளரில் தண்ணீர் குடிக்கும்போது மூக்கில் படுவதற்கு அருகே எதுவோ. எழுந்தபோது முழங்கால் இரண்டும் நனைந்திருந்தன, அட்டை ஒன்று ஏறியிருந்தது. அழகாக இருந்ததா என்று கேட்டால் தெரியாது. விட்டுவர மனமில்லாமல் இருந்தது, அவ்வளவுதான்.

ஊருக்கு வந்த அன்றிரவே சளி பிடித்துக்கொண்டது. வெந்நீர் வைத்து, அலமாரியிலிருந்து புட்டியை எடுத்து நான்கு சொட்டு விட்டு, துண்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு குனிந்தேன். கண் எரிந்தது. மூக்கு திறந்துகொண்டது.